கருவுக்குப் பஞ்சமில்லை, குறிப்புதான் சரியில்லை

கேட்டது இதுதான்: "சிறுகதை எழுத ஆசை. பஸ்ஸில் போகும்போதும் குளிக்கும்போதும் கரு தோன்றுகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வருஷமாகப் போனில் குறித்து வருகிறேன். இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது, ஒரு கதைகூட வரவில்லை. எழுத்தாளர்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது? கிடைத்ததை எப்படிப் பத்திரப்படுத்துகிறார்கள்? அதை யாராவது திருடிவிட மாட்டார்களா?" மாதிரிக்கு மூன்று குறிப்புகளையும் கொடுத்திருக்கிறீர்கள். "முதுமையின் தனிமை." "ஐடி வேலை, மன அழுத்தம், கணவன் மனைவி விரிசல்." "பெரியப்பா வீட்டு வாசலில் ரெண்டு ஜோடி செருப்பு."

உங்களுக்குக் கரு கிடைக்காமல் இல்லை. குறித்து வைக்கும் விதத்தில்தான் கோளாறு. முதல் இரண்டும் கதைக்கரு அல்ல, பட்டிமன்றத் தலைப்பு. நடுவரைக் கூப்பிட்டு இரண்டு அணி பிரித்துவிட்டால் நிகழ்ச்சி ஆரம்பித்துவிடும், கதை ஆரம்பிக்காது. மூன்றாவது வேறு ரகம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"முதுமையின் தனிமை" என்று எழுதிய அன்றைக்கு நீங்கள் எதையோ பார்த்திருக்கிறீர்கள். யாரோ ஒரு தாத்தா எதையோ செய்திருக்கிறார், அல்லது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அது உங்களைத் தைத்திருக்கிறது. போனைக் கையில் எடுத்ததும் பார்த்ததை விட்டுவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்பதை எழுதிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் நம்மைப் பழக்கியது அப்படி: "இப்பாடலின் மையக்கருத்து யாது?" மையக்கருத்தை மட்டும் எழுதி வைத்தால் இரண்டு வருஷம் கழித்து மையக்கருத்து மட்டும்தான் இருக்கும். பாட்டு போயிருக்கும்.

நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் நோட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினால் சொல்வது விளங்கும்.

2014ஆம் வருஷம், எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டு. அப்போது இருந்த புத்தக அட்டை, ஓரமெல்லாம் செல்லோடேப். கடைப்பையன் கார்டைப் பிரித்துக் கண்ணாடிமேல் கவிழ்க்கப் போனான்.

"கலர்ல எடு தம்பி."

"ரேஷன் கார்டுக்கு எதுக்கு தாத்தா கலரு? பத்து ரூவா ஆவும்."

"ஆவட்டும். நாளைக்குப் பேரு எடுக்கக் கொண்டுட்டுப் போறேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கட்டும்."

பையனுக்குப் புரியவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் ஆனது. அவர் சம்சாரம் தவறியிருக்கிறார். கார்டில் இருக்கும் அந்தப் பெயரை நாளைக்கு ஆபீஸில் அடித்துவிடுவார்கள். அடிக்காத பக்கம் ஒன்று அவருக்கு வேண்டும், அதுவும் கலரில்.

வீட்டுக்கு வந்து நான் எழுதியது இவ்வளவுதான்: "ஜெராக்ஸ் கடை. பெரியவர். ரேஷன் கார்டு, கலர். 'எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கட்டும்.' பத்து ரூவா. செல்லோடேப்." அவர் மனசில் என்ன இருந்தது, எனக்கு என்ன தோன்றியது, சமூகம் எப்படி இருக்கிறது, எதுவும் கிடையாது. அவர் சொன்ன சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. "முன்பு" என்று திருத்தாமல் "முன்னாடி" என்றே எழுதினேன். இன்றைக்குப் புரட்டினாலும் அந்தக் கடையின் இங்க் வாசனை வருகிறது. "மனைவியை இழந்த முதியவரின் துயரம்" என்று எழுதியிருந்தால் எந்த முதியவர் என்று எனக்கே தெரிந்திருக்காது.

இந்தக் குறிப்பு எப்படிக் கதையானது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இருநூறு குறிப்புக்கு நடக்காமல் இருப்பது அதுதான். அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அழுகாச்சி நாடகமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன். குறிப்பு நான்கு வருஷம் சும்மா கிடந்தது. அதற்குள் புத்தக அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்துவிட்டது. ரேஷனில் சாமான் வாங்கினால் கார்டோடு பதிந்த நம்பருக்கு மெசேஜ் போகும் ஏற்பாடும் வந்தது. 2018இல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தெரிந்த பெண் ஒருத்தி பேச்சோடு பேச்சாக, "அப்பா இந்த மாசம் சக்கரை வாங்கலை" என்றாள். அவள் திருப்பூரில் இருக்கிறாள், அப்பா ஊரில். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். இறந்துபோன அம்மாவின் போன் அவளிடம் இருக்கிறது. கார்டில் அந்த நம்பர்தான். அப்பா கடைக்குப் போனால் அம்மா போனுக்கு மெசேஜ் வரும்.

அதையும் குறித்தேன். "அம்மா போனுக்கு ரேஷன் மெசேஜ். 'அப்பா இந்த மாசம் சக்கரை வாங்கலை.' பந்தியில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே."

இரண்டு வாரம் கழித்துப் பழைய நோட்டைப் புரட்டும்போது ஜெராக்ஸ் கடைக் குறிப்பு கண்ணில் பட்டது. சிக்கிமுக்கிக் கல் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இரண்டாவது வந்ததும் பற்றிக்கொண்டது. அப்பாவோடு பேசாத மகள், மாதா மாதம் அரிசி, பருப்பு, பாமாயில் கணக்கிலேயே அவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு மாதம் மெசேஜ் வரவில்லை. கதை ஒன்பது நாளில் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், நான்கு வருஷம் என்னை நச்சரித்த அந்தக் கலர் ஜெராக்ஸ், கதையில் ஒரே ஒரு வரியாகத்தான் வந்தது. மகள் கடைசியில் ஊருக்குப் போகும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அவ்வளவுதான். அது இல்லாமல் கதை இல்லை.

ஆக, ஒரு குறிப்பு என்பது பெரும்பாலும் பாதிதான். தனித்தனியாக ஒவ்வொன்றையும் எடுத்து "இதில் கதை வருமா" என்று பிழிந்தால் வராது.

பாதியாக இருப்பது நல்லதும்கூட. இதற்கு அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் மனிதர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார், பிற்காலத்தில் தன் நாவல்களுக்கு நீண்ட முன்னுரைகளும் எழுதினார். 1893 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி பேச்சுவாக்கில் ஒரு குடும்பச் சண்டையைச் சொன்னார். வடக்கே ஒரு பழைய வீடு. தகப்பனார் காலமானதும் வீடும் அதிலுள்ள அருமையான சாமான்களும் ஒரே மகனுக்குப் போகின்றன. அந்தச் சாமான்களுக்காகத் தாயும் மகனும் வெட்டுப்பழி குத்துப்பழியாக நிற்கிறார்கள். (நம் வீடுகளில் பித்தளை அண்டாவுக்கு நடக்கும் அதே சண்டை.) முதல் பத்து வார்த்தையிலேயே ஜேம்ஸுக்குப் பொறி தட்டிவிட்டது. அந்த அம்மாளோ நிறுத்தவில்லை. அப்புறம் என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போக, இவருக்கு ஐயோ போதும் என்று ஆகிவிட்டது. நிஜத்தில் நடந்த மீதி, தன் கதைக்கு உதவாத வெறும் குளறுபடி என்பது அவர் எண்ணம். 1908இல் எழுதிய முன்னுரையில் இதை ரசித்து ரசித்து விவரிக்கிறார். அந்தப் பத்து வார்த்தைதான் 'தி ஸ்பாயில்ஸ் ஆஃப் பாயின்டன்' நாவல், 1897.

இன்னொன்று அவருடைய பேய்க்கதை. 1895 ஜனவரியில் கேன்டர்பரி பேராயர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேராயர் தான் யாரிடமோ கேட்ட ஒரு விஷயத்தைச் சொன்னார். கெட்ட வேலைக்காரர்கள் செத்துப்போய், பழைய வீட்டில் இருக்கும் குழந்தைகளைத் தேடி வருகிறார்கள் என்று. பேராயருக்கே கதை சரியாகத் தெரியாது. யாரோ அரைகுறையாகச் சொன்னதை இவர் கால்குறையாகச் சொன்னார். ஜேம்ஸ் 12ஆம் தேதி நோட்டில் அப்படியே, அது எவ்வளவு மங்கலாகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறித்தார். 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' வந்தது 1898இல். பேய் உண்மையா, பார்க்கிறவளின் பிரமையா என்று இன்றுவரை படிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். கேட்டபோதே மங்கலாக இருந்தது காரணம் என்று நான் நினைப்பேன்.

இதனால்தான் "சார், எங்க குடும்பத்துல ஒரு கதை இருக்கு, நீங்க எழுதணும்" என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எனக்குப் பயம். முழுசாகச் சொல்லிவிடுவார்கள். தொடக்கம், திருப்பம், முடிவு, நீதி எல்லாம் இருக்கும். எனக்கு வேலையே இருக்காது. ஆனால் சொல்லி முடித்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டும்போது, "அந்த வீட்டை இப்பவும் பூட்டித்தான் வெச்சிருக்கோம், வாரம் ஒரு நாள் நான் போயி விளக்கு மட்டும் போடுவேன்" என்பார்கள். அதைத்தான் குறிப்பேன்.

கரு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது: அடுத்தவர் வாயில். மீதியைச் சொல்கிறேன்.

பத்திரிகைச் செய்தி நல்ல சுரங்கம், ஆனால் பெரிய செய்தி அல்ல. கொலை, விபத்து எல்லாம் காரணம், பின்னணி, விசாரணை என்று முழுசாக எழுதப்பட்டுவிடும். ஏன் என்று சொல்லாத ஆறு வரிச் செய்தியைத் தேடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் ஒரு பழைய பத்திரிகையில் படித்ததாகச் சொல்லி ஒரு கதையைத் தொடங்குகிறார். லண்டனில் ஒருவன் ஊருக்குப் போய் வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, அடுத்த தெருவிலேயே அறை எடுத்துத் தங்கி, இருபது வருஷம் அவளுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே இருந்துவிட்டு, ஒரு நாள் எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்குள் நுழைகிறான். ஏன்? செய்தியில் இல்லை. 1835இல் வந்த 'வேக்ஃபீல்ட்' என்ற அந்தக் கதை முழுக்க அந்த 'ஏன்'தான். அதே ஹாதார்ன், கள்ள உறவு கொண்டதற்கு அடையாளமாக, பழைய காலனிச் சட்டப்படி ஆயுசுக்கும் ஆடையில் 'ஏ' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டு நடமாட வேண்டிய ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று ஒற்றை வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்தார். 1850இல் அது 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. அவள் செய்தது என்ன என்பதற்குமேல் அந்த வாக்கியத்தில் பாவம், குற்றவுணர்ச்சி என்ற விளக்கம் ஒன்றும் இல்லை. ஒரு துணி, ஒரு எழுத்து, தையல்.

வெளியே ஒன்றும் கிடைக்காத நாளில் உள்ளே தேட வேண்டியதுதான். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி இருபது வயதுகளில் ஒரு வழி கண்டுபிடித்தார். மனசில் தோன்றும் பெயர்ச்சொற்களை மளமளவென்று பட்டியல் போடுவது: ஏரி, இரவு, பள்ளத்தாக்கு, மச்சு அறை, இப்படி. விளக்கம் கிடையாது, யோசனையும் கிடையாது. அப்புறம் அதில் எது தன்னைக் குத்துகிறதோ அதைப் பற்றி எழுதத் தொடங்குவது. அப்படி 'ஏரி' என்ற சொல்லிலிருந்து, சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு சிறுமியைப் பற்றிய கதையை 1942இல் எழுதினார். தான் எழுதிய முதல் உருப்படியான கதை அது என்று அவரே சொல்வார். நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். உரல், பக்கத்து வீட்டு ஆன்டெனா, பள்ளிக்கூட மணி, அத்தையின் பல்செட், மொட்டைமாடித் தொட்டி என்று போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு சொல்லில் பேனா தயங்கும். எனக்கு 'தொட்டி'யில் தயங்கியது. காரணத்தை இங்கே எழுத மாட்டேன், அது இன்னும் கதையாகவில்லை.

ஏற்கெனவே இருக்கும் கதையிலிருந்தும் கரு வரும், அதுவும் சொந்தக் கதையிலிருந்தே. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த கூச்சல் பலருக்குத் தெரிந்திருக்கும். மழையில் கார் ஏறி வந்து கெட்டுப்போன பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். எப்படி இப்படி எழுதலாம் என்று ஒரே எதிர்ப்பு. அவர் அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல், ஊர் கேட்க அலறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். ஒரே சம்பவம், திருப்பத்தில் மட்டும் ஒரு மாற்றம். படித்த கதையில் எங்காவது "இவன் ஏன் இப்படிச் செய்தான், நானாக இருந்தால்..." என்று மனசு முரண்டு பிடித்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

முழுசாக, ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் வருகிற கருவும் உண்டு, அபூர்வமாக. அமெரிக்க எழுத்தாளர் பட்ரீஷியா ஹைஸ்மித் 1948 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் பொம்மைப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக இருந்தார். ஃபர் கோட் போட்ட ஒரு பெண்மணி வந்து பொம்மை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். சில நிமிஷ விஷயம். ஹைஸ்மித் அன்று மாலை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் ஒரு நாவலின் முழுக் கதையையும் நோட்டில் எழுதிவிட்டார். அடுத்த நாள் அம்மை போட்டுவிட்டது. பாதி அந்தக் காய்ச்சல்தானோ என்னவோ. இப்படி வந்தால் குறிப்பு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுதிவிடுங்கள்.

சரி, பத்திரப்படுத்துவது.

இதில் எல்லாரும் ஒழுங்கைப் பற்றிப் பேசுவார்கள். வகை பிரி, வண்ணம் அடி, எண் போடு. நாவலாசிரியர் நபகோவ் அட்டைகளில் எழுதினார், அதை வரிசை மாற்றி மாற்றி அடுக்கினார் என்பது உண்மைதான். ஆனால் அது கரு சேர்க்கும் வேலைக்கு அல்ல, நாவலையே எழுதும் வேலைக்கு. கருவுக்கு ஒழுங்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதற்குத் துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி போதும். கொலையில் ஒரு நிமிஷக் கணக்குத் தப்பாதவர் ஆயிற்றே, நோட்டு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 73 நோட்டுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரகம். எந்த நோட்டு கைக்கு வந்ததோ அதில், எந்தப் பக்கம் காலியோ அங்கே எழுதியிருக்கிறார். ஒரு நாவலின் குறிப்பு ஐந்தாறு நோட்டில் சிதறிக் கிடக்கும். நடுவில் கடைச் சாமான் பட்டியல் வரும். பெரும்பாலும் தேதி கிடையாது. அவற்றைப் படித்து 2009இல் புத்தகம் போட்ட ஜான் கர்ரன் படாத பாடு பட்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று. கிறிஸ்டி திரும்பத் திரும்பப் புரட்டினார். ஒரு நோட்டில் பயன்படாமல் கிடந்த யோசனை பல வருஷம் கழித்து இன்னொரு நோட்டில் மறுபடி தலைகாட்டும். அங்கேதான் சூட்சுமம். உங்கள் இருநூறு குறிப்பைக் கடைசியாக எப்போது முதலிலிருந்து படித்தீர்கள்? படித்திருக்க மாட்டீர்கள். போனில் குறித்தது கிணற்றில் போட்ட கல். மேலே மேலே புதுசு விழுந்துகொண்டே இருக்கும், அடியில் இருப்பது கண்ணில் படாது. கண்ணில் படாத இரண்டு குறிப்பு ஒன்றோடொன்று எப்படி உரசும்?

இந்த விஷயத்தில் என் வாத்தியார் ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செகாவ். 1891இல் தொடங்கிய ஒரு சின்ன நோட்டை 1904இல் சாகும்வரை வைத்திருந்தார். குறிப்பெல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. கதையில் பயன்படுத்தியதை அடித்துவிடுவார். பிற்காலத்தில், பயன்படாமல் தங்கிப்போனவற்றைத் தன் கையாலேயே வேறொரு நோட்டில் பெயர்த்து எழுதத் தொடங்கினார். அந்தக் குறிப்புகளில் ஒன்று: உறைக்குள் வாழும் மனிதன். குடைக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, பேனாக்கத்திக்கும் உறை. சவப்பெட்டியில் கிடத்தியபோது அவன் முகத்தில் சிரிப்பு தெரிந்தமாதிரி இருந்ததாம், கடைசியாக நல்ல உறை கிடைத்துவிட்டதல்லவா. 1898இல் வந்த 'உறைக்குள் ஒரு மனிதன்' கதையில் பிற்பாடு சேர்ந்தது நிறைய உண்டு. முதுகெலும்பு இந்த வரிகள்தான். இத்தனைக்கும் எழுத்தாளர் கொரொலென்கோவிடம் மேஜைமேல் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் காட்டி, வேண்டுமானால் நாளைக்கே இதன் பேரில் ஒரு கதை தயார் என்று சொன்ன ஆள். எதிலும் கதை பண்ணத் தெரிந்தவருக்கும் நோட்டு வேண்டியிருந்தது.

பெயர்த்து எழுதுவதை நானும் பிடித்துக்கொண்டேன். என் ஏற்பாடு இதுதான், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சட்டைப்பையில் கையளவு நோட்டு, நாற்பது பக்கம். இடது பக்கம் மட்டும் எழுதுவேன். தேதி, இடம், பார்த்தது, கேட்ட சொல். வலது பக்கத்தைச் சும்மா விட்டுவிடுவேன், பிற்பாடு ஏதாவது வந்து சேர்ந்தால் எழுதிக்கொள்ள. நோட்டு தீர்ந்ததும் அடுத்த நோட்டைத் தொடங்குவதற்கு முன்னால், பழையதை முதல் பக்கத்திலிருந்து படித்து, உயிர் இருப்பதாகத் தோன்றுவதை மட்டும் புதிய நோட்டின் முதல் பக்கங்களில் கையால் எழுதுவேன். கை வலிக்கும். அந்த வலிதான் சல்லடை. அரைமனசோடு எதையும் பெயர்த்து எழுத முடியாது, "போகட்டும்" என்று விட்டுவிடுவோம். மூன்று நோட்டு தாண்டி வந்த குறிப்பு என்றால் அதற்கு நான் ஏதோ கடன்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஜெராக்ஸ் கடை ஐந்து நோட்டு தாண்டியது.

போனில்தான் எழுத வசதி என்றால் எழுதுங்கள். ஓடுகிற பஸ்ஸில் நான்கூட வாட்ஸ்அப்பில் எனக்கு நானே குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறேன். ஆனால் அன்று ராத்திரியே நோட்டுக்கு மாற்றிவிடுவேன். 2016இல் என் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து எட்டு மாதக் குறிப்பு போனது. வீட்டில் யாரோ இறந்ததுபோல் இரண்டு நாள் இருந்தேன். அப்புறம் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்ததில் பதினொன்று தேறியது. போன மற்றவை தேவையில்லாதவையோ என்னவோ. ஞாபகம் என்ற வடிகட்டி வழியாக இறங்கி, முக்கியமானது மட்டும் தங்கிய பிறகுதான் தன்னால் எழுத முடியும் என்று செகாவ் 1897இல் நீஸ் நகரிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில் சொல்கிறார். அதைப் படித்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எழுத்து புரியும்படியாகவும் இருக்கட்டும். "பாலம், அக்கா, மஞ்சள்!!!" என்று ஒரு குறிப்பு என்னிடம் இருக்கிறது. மூன்று ஆச்சரியக்குறி. எழுதிய ராத்திரி உலகத்தையே புரட்டப்போகிற கதை என்று நினைத்திருப்பேன். எந்தப் பாலம், யாருடைய அக்கா என்று பதினான்கு வருஷமாகத் தெரியவில்லை.

யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செகாவ் 1892இல் எழுதிய 'வெட்டுக்கிளி' கதையில் ஒரு டாக்டர், அவர் மனைவி, அவளுக்கு ஓவியக் காதலன். செகாவின் நெருங்கிய நண்பர், ஓவியர் லெவிதானுக்கு, அந்தக் காதலன் தான்தான் என்று நொடியில் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று வருஷம் பேச்சே இல்லை, 1895 ஆரம்பத்தில்தான் சமாதானமானார்கள். ரேஷன் மெசேஜ் கதையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். ஊரையும் தொழிலையும் மாற்றியிருந்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பருப்பு மட்டும் ரெண்டு கிலோன்னு போட்டிருக்கீங்க, ஒரு கிலோதான் கொடுப்பாங்க" என்றாள். திருத்தினேன்.

கருவை யாராவது திருடிவிடுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். மாட்டார்கள். ஒருவரைத் தைத்தது இன்னொருவரைத் தைக்காது. திருட்டைவிட ஆபத்து நம் வாய்தான். டீக்கடையில் நண்பரிடம் கதையை நன்றாகச் சொல்லிவிட்டால், அவர் "அருமைய்யா" என்றுவிட்டால், எழுத வேண்டிய அரிப்பு அங்கேயே தீர்ந்துவிடும். நான் அப்படி ஆறேழு கதையை டீக்கடையிலேயே முடித்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மூன்றாவது குறிப்பு. "பெரியப்பா வீட்டு வாசலில் ரெண்டு ஜோடி செருப்பு." ரெண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது ஜோடி ஆண் செருப்பா, பெண் செருப்பா, புதுசா, தேய்ந்ததா? பக்கத்தில் பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்ததா, தள்ளித் தள்ளியா? நீங்கள் உள்ளே போனீர்களா, வாசலோடு திரும்பிவிட்டீர்களா? பதில் தெரிந்தவரைக்கும் குறிப்பின் வலது பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒன்றை மட்டும் நோட்டுக்கு மாற்றிவிட்டு, மீதி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு தடவை படியுங்கள், அதில் எங்காவது பெரியப்பாவின் செருப்போடு உரசுகிற இன்னொன்று கிடக்கிறதா என்று. அந்தச் செருப்பு யாருடையது என்பதை மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.